இது வேறு ஆள்

எங்கள் வீட்டில் ஒரு டிடிகே 90 கேசட் இருந்தது. 1991-இல் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த எதிர்வீட்டு அண்ணன் கொடுத்துவிட்டுப் போனது. ஒரு பக்கம் ‘கேட்டி லைட்’, மறுபக்கம் ‘ஸ்டில் பில்’ என்று நீல மையில் எழுதியிருந்தார். அவ்வளவுதான். பாடியது யார், வாசித்தது யார், எந்த ஊர், எந்த வருடம், எதுவும் கிடையாது. எனக்கு அப்போது 14 வயது. பாட்டின் மொழி பாதிதான் புரிந்தது. ஆனால் பள்ளிவிட்டு வந்ததும் கை தானாக அந்தக் கேசட்டைத்தான் தேடும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மதுரையில் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் ஐந்தாறு வருடம் சென்னையில் கால்ஷீட் கணக்கில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்தவர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டுக்கு வருவார். வாசற்படிக்குப் பக்கத்தில் இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் எதைப் போட்டாலும் கேட்பார். மற்றவர்கள் பாட்டை மேலிருந்து, குரலிலிருந்து கேட்பார்கள். அவர் கீழிருந்து கேட்பார். கால் கட்டைவிரல் மட்டும் செருப்புக்குள் அசையும்.

அந்தக் கேசட்டின் முதல் பக்கத்தை அவர் முதன்முதலாகக் கேட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. எட்டுப் பாட்டுகள் வரை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதாவது பாட்டு தொடங்கி அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. தலையை நிமிர்த்தி, “இது வேறு ஆள்” என்றார்.

“அதே குழுதானே மாமா?” என்றேன்.

“குழு அதேதான். டிரம்ஸில் உட்கார்ந்திருப்பவன் வேறு. இவ்வளவு நேரம் வாசித்தவன் சின்னப் பையன். கை துடிக்கிறது, பாட்டுக்காக அடக்கி வைத்திருக்கிறான். இவன் அப்படி இல்லை. இவனுக்கு அடக்குவதற்கு ஒன்றும் பாக்கியில்லை.”

சரிபார்க்க எங்களிடம் எந்த வழியும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, சென்னையில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் ‘கேட்டி லைட்’ எல்பியே கிடைத்தது. ஸ்டீலி டான் என்ற அமெரிக்கக் குழுவுடையது. முன்னட்டையில் மங்கலாக, பெரிதாக, ஒரு வெட்டுக்கிளி. பின்னட்டையைத் திருப்பிக் கடை வாசல் வெளிச்சத்தில் பெயர்களைப் படித்தேன். டிரம்ஸ்: ஜெஃப் போர்க்காரோ. ‘எனி வேர்ல்ட்’ என்ற ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும்: ஹால் பிளெய்ன். அதுதான் ஒன்பதாவது பாட்டு. பதிவு நடந்த 1974-75 குளிர்காலத்தில் போர்க்காரோவுக்கு 20 வயது, பிளெய்னுக்கு 45. கடைக்கு வெளியே இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து மாமாவை அழைத்துச் சொன்னேன். “அதைத்தான் அன்றைக்கே சொன்னேனே” என்றார். அவர் குரலில் ஆச்சரியம் துளியும் இல்லை.

அன்றிலிருந்து அடுத்தவர் பாட்டுக்கு வாசித்துக் கொடுத்துவிட்டுப் போகும் டிரம்மர்களைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படிக் கேட்டதில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. இவர்களைக் கேட்பதற்கு உகந்த இடம், ஊரே கொண்டாடிய பெரிய வெற்றிப் பாட்டுகள் அல்ல. கொஞ்சம் ஒதுங்கிப்போன, உரிய மதிப்புக் கிடைக்காத ஆல்பங்கள்தான். ஆயிரம் முறை கேட்ட பாட்டில் காது தூங்கிவிடுகிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதால் அடிக்கிற கை கேட்பதில்லை, ஞாபகம்தான் கேட்கிறது. அதே கை அதிகம் பழகாத ஒரு பாட்டில் ஸ்நேர் என்ற, சுருக்கென்று ஒலிக்கும் டிரம்மைத் தட்டும்போது, ஒரு மனிதன் அந்த நொடியில் எடுத்த முடிவு துல்லியமாகக் கேட்கும்.

ஹால் பிளெய்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963-இல் ரொனெட்ஸ் குழு பாடிய ‘பி மை பேபி’ பாட்டின் தொடக்கத்தை உலகமே அறியும். காலால் அடிக்கும் கிக் டிரம் மூன்று முறை, பிறகு ஸ்நேர் ஒன்று. ஹாலிவுட்டின் கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோவில் பதிவானது. இரண்டாவது தட்டிலும் நான்காவது தட்டிலும் ஸ்நேர் விழ வேண்டும் என்பதுதான் திட்டமாம். குச்சி நழுவியதால் இரண்டாவது தவறிப்போய் நான்காவது மட்டும் விழுந்தது, அதையே அப்படியே வைத்துக்கொண்டோம் என்று பிளெய்ன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தவறிய தட்டை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தவறவிட்டு, அதைப் பாட்டின் முகமாக்கிவிட்டார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

1966 முதல் 1971 வரை தொடர்ந்து ஆறு வருடம், அந்தந்த வருடத்தின் சிறந்த பதிவுக்கான கிராமி விருதைப் பெற்ற பாட்டுகள் ஆறிலும் டிரம்ஸ் வாசித்தவர் பிளெய்ன். சினாட்ராவின் குரலுக்கும் அவர்தான், சைமன்–கார்ஃபங்கலின் குரல்களுக்கும் அவர்தான். ‘தி பாக்ஸர்’ பாட்டில் ‘லை லா லை’ என்று வரும் இடத்தில் பீரங்கிபோல ஒரு அடி விழுமே, அதற்காக நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் கட்டடத்தில், லிஃப்டுக்குப் பக்கத்து நடைவழியில் டிரம்மை வைத்து அடித்தார்கள். எதிரொலி அந்த லிஃப்டுக் கூண்டு கொடுத்தது. இதையெல்லாம் மதிக்கிறேன். ஆனாலும் பிளெய்ன் என்றால் என் காதில் முதலில் கேட்பது ‘எனி வேர்ல்ட்’ பாட்டில் அவர் பல்லவிக்குள் நுழையும் விதம்தான். தள்ளிக்கொண்டு நுழைவதில்லை. கதவு ஏற்கெனவே திறந்திருப்பதுபோல நடந்து வருகிறார்.

‘கேட்டி லைட்’ ஸ்டீலி டான் குழுவின் நான்காவது ஆல்பம், 1975-இல் வந்தது. குழு என்று சொல்வதே பழக்கதோஷம்தான். அதை நடத்திய வால்டர் பெக்கரும் டொனால்ட் ஃபேகனும் 1974-இல் மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் விலகிப்போனார்கள். அதன் பிறகு பாட்டுக்கு யார் பொருந்துவார்களோ அவர்களை ஸ்டூடியோவுக்கு அழைத்து வாசிக்க வைக்கும் முறை தொடங்கியது. அந்த முறையில் முழுதாக உருவான முதல் ஆல்பம் இது. பின்னாளில் இதே முறையின் உச்சமாக 1977-இல் ‘ஏஜா’ வந்தது. அதில் ஸ்டீவ் காட் டிரம்ஸ் வாசித்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அத்தனையும் தகும். ஆனால் ‘ஏஜா’வின் நிழல் விழுந்ததில் ‘கேட்டி லைட்’ ஒடுங்கிவிட்டது.

அதை ஆக்கியவர்களுக்கே அது ஆறாத புண்ணாக இருந்தது. இறுதிக் கலவையின்போது டிபிஎக்ஸ் என்ற இரைச்சல் குறைப்புக் கருவி சரியாக வேலை செய்யாமல், ஒலியின் பளபளப்புப் போய்விட்டது. எவ்வளவோ சரிசெய்து பார்த்தும் முழுதாக மீளவில்லை. வெளிவந்த இசைத்தட்டைக் கேட்கவே பெக்கரும் ஃபேகனும் மறுத்தார்கள் என்று அப்போதிலிருந்து பேசப்படுகிறது. அட்டையின் பின்பக்கத்தில் பதிவுக் கருவிகளின் பெருமையை நீளமாக எழுதியிருப்பதைப் படிக்கும்போது மனதுக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு ஏற்றியதில் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தப் பளபளப்பின் இழப்பு ஒருநாளும் தெரிந்ததில்லை. பளபளப்புப் போனாலும் போர்க்காரோவின் இடது கை போகவில்லை.

அந்த இடது கையைக் கொஞ்சம் கிட்டே போய்க் கேட்க வேண்டும். ‘டாக்டர் வூ’ பாட்டைப் போடுங்கள். ஃபில் வுட்ஸின் சாக்ஸஃபோனுக்காகத்தான் எல்லோரும் இந்தப் பாட்டைச் சொல்வார்கள். ஒருமுறை மட்டும் சாக்ஸஃபோனை விட்டுவிட்டு ஸ்நேரை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஓங்கி விழும் தட்டுகளுக்கு நடுவே, குச்சியின் நுனி தோலின் மீது தூங்கி எழுவதுபோல மெல்லிய தட்டுகள் இருக்கும். டிரம்மர்கள் கோஸ்ட் நோட் என்பார்கள். தனியாகக் கேட்டால் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். எடுத்துவிட்டால் பாட்டு நொண்டும். மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தொப்பியில் இடது கை சும்மா படிந்து எழும் அந்த அடங்கிய ஓசை இல்லாவிட்டால் வலது கையின் சொற்கள் அந்தரத்தில் நிற்கும் அல்லவா, அதுபோல.

‘யுவர் கோல்ட் டீத் 2’ என்ற பாட்டில் சோதனை வேறு விதம். தாளம் மூன்று, ஆறு, ஒன்பது என்று மாறிக்கொண்டே போகும். 20 வயதுப் பையனுக்கு அது பிடிபடவில்லை. ஃபேகன் அவரிடம் ஜாஸ் இசைக்கலைஞர் சார்லஸ் மிங்கஸின் ஒரு இசைத்தட்டைக் கொடுத்தார். அதில் டிரம்ஸ் டேனி ரிச்மண்ட். வீட்டுக்கு எடுத்துப்போய்க் கேட்டு ஊறிவிட்டு வந்து வாசித்ததாக போர்க்காரோ சொல்லியிருக்கிறார். இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. எழுதிய தாளைக் கொடுத்து எண்ணச் சொல்லவில்லை. இன்னொருவர் கையைக் கேட்கச் சொன்னார்கள். எண்ணிக்கை தெரிந்து வாசிப்பதும் நடை தெரிந்து வாசிப்பதும் ஒன்றல்ல என்று மாமா அடிக்கடி சொல்வார். அந்தப் பாட்டில் எங்கே ஆறு முடிந்து ஒன்பது தொடங்குகிறது என்று இன்றுவரை நான் எண்ணிக் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடிக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

போர்க்காரோவின் பெயர் சொன்னாலே ‘ரோசன்னா’வைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். 1982-இல் அவருடைய சொந்தக் குழுவான டோட்டோ வெளியிட்ட பாட்டு. அதன் தாளம் எங்கிருந்து வந்தது என்பதை அவரே ஒளிக்காமல் சொன்னார். டிரம்மர் பெர்னார்ட் பர்டியின் ஷஃபிள் என்ற ஊஞ்சல் நடை, டிரம்மர் ஜான் பான்ஹமின் ஒரு வாசிப்பு, போ டிட்லியின் தாளம், மூன்றையும் கலந்தேன் என்றார்.

பர்டியின் ஷஃபிள் என்பது ஒரு அற்புதம். ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும், நம் திஸ்ர நடைபோல. வலது கை, ஜோடிச் சிம்பலான ஹை-ஹாட்டில் ஒன்றையும் மூன்றையும் வாசிக்கும். நடுவில் விடுபடும் இரண்டாவதை இடது கை ஸ்நேரில் காதும் காதும் வைத்தாற்போல் நிரப்பும். நான்கு தட்டில் மூன்றாவதில் மட்டும் ஸ்நேர் ஓங்கி விழும். அதனால் பாட்டு நிதானமாக நடப்பதுபோலத் தோன்றும், அடியில் சக்கரம் வேகமாக உருண்டுகொண்டிருக்கும். சிறுவயதில் ரயில் ஓடுகிற சத்தத்தைப் பிடிக்க முயன்றதில் வந்தது இது என்று பர்டி சொல்லியிருக்கிறார். ‘ஏஜா’ ஆல்பத்தில் ‘ஹோம் அட் லாஸ்ட்’ பாட்டில் இதைக் கேட்கலாம். வாசித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தொடையில் தட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் இடது மணிக்கட்டு வலிக்கும். மாமா இதை ஒரு தலையணையின் மீது இரண்டு மாதம் பழகினார். தலையணை என்றால் குச்சி எகிறாது, ஒவ்வொரு தட்டுக்கும் கையே எழ வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் பக்கத்து அறையிலிருந்து பஞ்சில் குச்சி விழும் சத்தம் கேட்டுக்கொண்டே நான் தூங்கியிருக்கிறேன்.

இந்தக் கைகளுக்கெல்லாம் மூத்த கை ஒன்று உண்டு. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து எர்ல் பாமர். பிறந்தது 1924. குழந்தையாக மேடையில் குதிகால் நடனம் ஆடியவர். டிரம்ஸைக் கையால் கற்பதற்கு முன் காலால் கற்றவர் என்றே சொல்லலாம். 1949-இல் ஃபேட்ஸ் டோமினோவின் ‘தி ஃபேட் மேன்’, 1955-இல் லிட்டில் ரிச்சர்டின் ‘டூட்டி ஃப்ரூட்டி’ இரண்டுக்கும் அவர்தான். லிட்டில் ரிச்சர்டின் வலது கை பியானோவில் இடைவிடாமல் எட்டெட்டாகக் கொட்டும். அதோடு ஒட்டிப்போக முயன்றபோதுதான் பழைய ஷஃபிளின் ஊஞ்சலை விட்டு நேரான ஓட்டத்துக்கு மாறினேன் என்று பாமர் சொன்னார். ராக் அண்ட் ரோல் என்று உலகம் பெயர் வைத்த நடை, ஒரு பியானோக்காரரின் வலது கையைத் துரத்திப் பிடிக்கப் போனதில் பிறந்திருக்கிறது. 1957-இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பிளெய்னும் அவரும் ஒரே ஸ்டூடியோக்களில் மாறி மாறி வாசித்தார்கள். 2000-ஆம் வருடம் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், பக்கத்தில் நின்று வாசிப்பவர்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கியபோது, இருவர் பெயரும் முதல் வரிசையிலேயே சேர்ந்தது.

இனி கேசட்டைத் திருப்ப வேண்டும்.

மறுபக்கத்தில் இருந்த ‘ஸ்டில் பில்’, 1972-இல் பில் விதர்ஸ் வெளியிட்டது. மேற்கு வர்ஜீனியாவின் ஸ்லாப் ஃபோர்க் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர் விதர்ஸ். ஒன்பது வருடம் கடற்படையில் இருந்தார். விமானங்களுக்குக் கழிப்பறை இருக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1971-இல் முதல் ஆல்பம் வந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தார். அதன் அட்டையில் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு அந்தத் தொழிற்சாலை வாசலில் நிற்பார். ‘ஸ்டில் பில்’ ஆல்பத்துக்கு வாசித்தவர்கள் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் 103-ஆவது தெரு ரிதம் பேண்டைச் சேர்ந்தவர்கள். டிரம்ஸ் ஜேம்ஸ் காட்சன்.

‘யூஸ் மி’ பாட்டின் முதல் நான்கு வரிகளைக் கேட்டாலே போதும், காட்சன் யாரென்று தெரிந்துவிடும். ஹை-ஹாட்டில் அரிசி புடைப்பதுபோல ஒரு சன்னமான ஓட்டம். ரே ஜாக்சனின் கிளாவினெட் என்ற கீபோர்டு முன்னே துள்ளிப் போகப் பார்க்கும். காட்சன் அதன் சட்டையைப் பிடித்து ஒரு மயிரிழை பின்னால் இழுத்து வைப்பார். பாட்டு நெடுக இந்த இழுபறிதான். ஒரு இடத்திலாவது தாவிக் குதித்துத் தன்னைக் காட்டிக்கொள்வார் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவோம். அந்த வருடம் கார்னகி ஹாலில் இதே பாட்டை நேரடியாக வாசித்த பதிவு இருக்கிறது. பாட்டு முடிகிறது, கைதட்டல் ஓயவில்லை, மறுபடி அதே பாட்டைத் தொடங்குகிறார்கள். இரண்டாம் முறை தொடங்கும்போது காட்சனின் காலப்பிரமாணம் முதல் முறை விட்ட இடத்தில் அப்படியே இருக்கிறது. அத்தனை பேர் ஆர்ப்பரிக்கும்போது வேகம் ஏறாமல் இருக்க எவ்வளவு மன அமைதி வேண்டும்!

ஆனால் நான் சொல்ல வந்த ஆல்பம் அதற்கு அடுத்தது. 1974-இல் வந்த ‘+ஜஸ்ட்மென்ட்ஸ்’. தலைப்பிலேயே கூட்டல் குறி. பில் விதர்ஸைப் பிடிக்கும் என்கிறவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் விழிப்பார்கள். அவர் பதிவு செய்துகொண்டிருந்த சஸ்ஸெக்ஸ் நிறுவனம் அடுத்த வருடமே மூடப்பட்டது. ஆல்பம் நெடுங்காலம் கடைகளில் கிடைக்கவில்லை. எனக்கு இது கிடைத்தது நாற்பதை நெருங்கும்போதுதான். ‘ஸ்டில் பில்’ ஒரு மனிதன் ஊர் நடுவில் நின்று பாடியது என்றால், இது அதே மனிதன் இரவில் சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து பாடியது. ‘தி சேம் லவ் தட் மேட் மி லாஃப்’ என்ற பாட்டில் என்னைச் சிரிக்கவைத்த அன்பே அழவைக்கிறது என்கிறார். ‘கேன் வி பிரிடெண்ட்’ பாட்டில் ஹோசே ஃபெலிசியானோவின் கிதார் வருகிறது. அந்தப் பாட்டை முதலில் கேட்ட இரவு, முடிந்த பிறகும் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெரிய வெற்றிப் பாட்டு ஒன்றுகூட இல்லாத ஆல்பம். அதனாலேயே ஒவ்வொரு பாட்டிலும் வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசிப்பது தெளிவாகத் தெரிகிறது.

அதே 1974-இல் வந்து அதைவிடப் பரிதாபமாக மறக்கப்பட்டது ஜீன் கிளார்க்கின் ‘நோ அதர்’. பேர்ட்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் கிளார்க். தயாரிப்புச் செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. எட்டே பாட்டுகள். வெளியிட்ட நிறுவனமே அதைக் கைவிட்டது. ஆல்பம் விற்கவில்லை. கிளார்க் 1991-இல் 46 வயதில் மறைந்தார். அதன் பிறகு பல வருடம் கழித்துத்தான் அதைத் தலையில் தூக்கிக் கொண்டாடத் தொடங்கினார்கள். அதில் டிரம்ஸ் வாசித்தவர்களில் ஒருவர் ரஸ் கங்கல்.

கங்கலைத் தெரியாது என்று சொல்கிறவர்களும் அவரைக் கேட்டிருப்பார்கள். கரோல் கிங்கின் ‘டேபஸ்ட்ரி’, ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’, ஜேம்ஸ் டெய்லரின் ‘ஸ்வீட் பேபி ஜேம்ஸ்’ எல்லாவற்றிலும் அவர் உண்டு. டெய்லரின் ‘ஃபயர் அண்ட் ரெய்ன்’ பாட்டில் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். டாம் எனப்படும் கனமான டிரம்களில் பிரஷ்ஷால் உருட்டும்போது, இடி எங்கோ அடுத்த ஊரில் இடிப்பதுபோல ஒலிக்கும். மென்மையாகப் பாடுகிறவருக்குப் பக்கத்தில் எவ்வளவு சத்தம் செய்யலாம் என்பதற்கு அந்தப் பாட்டு ஒரு பாடம். ‘நோ அதர்’ ஆல்பத்தில் நிலைமை தலைகீழ். அடுக்கடுக்கான குரல்கள், கீபோர்டுகள், கிதார்கள் என்று சந்தைக்கடைபோல ஒலிகள் குவிந்திருக்கும். அந்தக் குவியலுக்குள் தாளம் எந்த இடத்திலும் கால் மிதிபடாமல் நடந்து போகிறது. கேட்கும்போது சிந்தாமணி பஸ் ஸ்டாப் கூட்டத்துக்குள் தலையில் கூடையோடு ஒரு அம்மா யார் மேலும் இடிக்காமல் போவது நினைவுக்கு வரும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன், அது எனக்கு நெடுநாள் ஆதங்கம். டெட்ராய்டின் மோட்டவுன் நிறுவனத்தில் ஒரு சிறிய வீட்டின் அடித்தளப் பதிவறையில் வருடக்கணக்காக உலகத்தையே ஆடவைத்தவர்களின் பெயர்கள் இசைத்தட்டு அட்டைகளில் வந்ததே இல்லை. 1971-இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வந்தபோதுதான் முதன்முதலாக வாசித்தவர்கள் பெயரை அச்சிட்டார்கள். அந்த நிறுவனத்தின் முதல் பெரும் டிரம்மரான பென்னி பெஞ்சமின் 1969-லேயே இறந்துவிட்டார். தன் பெயரை ஒரு அட்டையில் பார்க்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் கதை இன்னும் வலிக்கும். 1969 நவம்பரில் சின்சினாட்டியில் ‘ஃபங்கி டிரம்மர்’ பதிவானது. நடுவில் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, ஸ்டபிள்ஃபீல்ட் மட்டும் சில நொடிகள் வாசிக்கிறார். தனி ஆவர்த்தனம் செய்யவில்லை. அதே நடையைத் தொடர்ந்தார், அவ்வளவுதான். அந்தச் சில நொடிகளை வெட்டியெடுத்து, பின்னாளில் நூற்றுக்கணக்கான ஹிப்-ஹாப் பாட்டுகள் தங்கள் அடித்தளமாக்கிக்கொண்டன. பாட்டை எழுதியவர் என்ற பட்டியலில் அவர் பெயர் இல்லாததால் அதிலிருந்து அவருக்கு உரிமைத்தொகை வரவில்லை. தாளம் எழுதப்படுவதில்லை, வாசிக்கப்படுகிறது. காப்புரிமைச் சட்டமோ எழுதப்பட்டதைத்தான் கண்ணால் பார்க்கிறது. 2017-இல் மறையும்வரை விஸ்கான்சினின் மேடிசன் நகரத்தில் உள்ளூர் மேடைகளில் வாசித்து வாழ்ந்தார்.

நம் ஊரிலும் கேசட் அட்டையில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் பெயர்களோடு இடம் முடிந்துவிடும். இளையராஜாவின் பாட்டுகளுக்கு நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் 2020-இல் மறைந்தபோது, அன்றுதான் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டதாக எத்தனையோ பேர் சொன்னார்கள். அவர் வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் அத்தனை பேரும். மாமாவின் பெயரும் எந்த அட்டையிலும் இல்லை. எந்தெந்தப் பாட்டு என்று கேட்டால் ஏழெட்டைச் சொல்வார். டீக்கடையில் அவற்றில் ஒன்று ஒலித்தால் பேச்சை நிறுத்துவதில்லை. ஆனால் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

போர்க்காரோ 1992-இல், 38 வயதில் போய்விட்டார். பிளெய்ன் 2019-இல், 90 வயதில். ‘கேட்டி லைட்’ ஆல்பத்தில் இருவரும் ஒரே அட்டையில் இருந்தாலும் ஒரே பாட்டில் இல்லை. பிளெய்னுக்கு வேலை மிகுந்தபோது தனக்குப் பதிலாக அவர் கைகாட்டியது ஜிம் கார்டன் என்ற இளைஞரை. அந்த ஜிம் கார்டனோடு போர்க்காரோ சேர்ந்தே வாசித்த பாட்டு ஒன்று உண்டு. ‘கேட்டி லைட்’ ஆல்பத்துக்கு முந்தையதான ‘பிரெட்சல் லாஜிக்’ ஆல்பத்தில், 1974-இல் வந்த ‘பார்க்கர்ஸ் பேண்ட்’. இரண்டே முக்கால் நிமிடம்கூட வராத பாட்டு. இரண்டு டிரம்மர்கள் ஒன்றாக வாசித்திருக்கிறார்கள் என்று தெரியாமலேயே இருபது வருடம் கேட்டிருந்தேன்.

போன பொங்கலுக்கு மதுரை போயிருந்தபோது அதை எடுத்துப்போனேன். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. குச்சி பிடித்து மூன்று வருடம் ஆகிறது. முன்கூட்டி ஒன்றும் சொல்லாமல் போட்டேன். முதல் முறை கேட்டுவிட்டு, “மறுபடி போடு” என்றார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டார். வலது கை நாற்காலிப் பிடியில் தட்டிக்கொண்டிருந்தது.

“இரண்டு பேர்” என்றார்.

“ஆமாம் மாமா.”

“ஒருவன் அந்தப் பையன். நீ கேசட்டில் போடுவாயே, அவன். மற்றவன் யார் என்று தெரியவில்லை. ஆனால் பையன் அவனைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறான்.”

ஜிம் கார்டனின் பெயரைச் சொன்னேன். தலையசைத்தார். மூன்றாம் முறை போடச் சொன்னார். அத்தை காபி கொண்டுவந்து ஏதோ கேட்க வாயெடுத்தார். மாமா வலது கையை உயர்த்திக் கொஞ்சம் பொறு என்று காட்டிவிட்டு, வீங்கிய இடது கையை மேசையின் மேல் வைத்து, இரண்டாவது ஆளின் ஸ்நேரைப் பிடித்துக்கொண்டு போனார்.